அவர்கள் ஏன் போனார்கள் என்று அக்காவிடம் கேட்டேன்

அந்த வருடம் பிள்ளைகளாக இங்கே வந்திறங்கிய நாங்கள் இப்போது கலியாண வீட்டிலோ செத்த வீட்டிலோ சந்தித்தால் முழங்கால் வலியையும் பிரஷர் குளிசையையும் பற்றித்தான் கதைக்கிறோம். ஆனாலும் தேத்தண்ணி இரண்டாம் தடவை வரும்போது உங்களில் யாராவது ஒருவர் முதல் குளிர்காலத்தைத் தொடங்கிவிடுவீர்கள். பள்ளிக்கூடத்துக்கு ஆண்பிள்ளைச் சப்பாத்தோடு போனது, பாணுக்குள் சம்பல் வைத்துக் கொண்டுபோனது, ஒருவரும் பக்கத்தில் இருக்காதது. நான் சிரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். என்னுடைய குளிர்காலத்தை நான் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று இல்லை. சொல்லத் தொடங்கினால் எனக்கு அழுகை வர வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அது வராது. அதனால் எழுதிவிடுகிறேன்.

மன்னாரிலிருந்து நாங்கள் மூன்று பேர் வந்தோம். விசா நான்கு பேருக்கும் கிடைத்திருந்தது. அக்காவுக்கு ஓகஸ்ட் மாதம் ஏ.எல். சோதனை, பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதுகிறது. இரண்டு வருடம் படித்ததை விட்டுவிட்டு வந்தால் அங்கே போய் அவள் எதைக் காட்டுவாள் என்று அப்பா கேட்டார். சோதனை முடியட்டும், பிறகு வரட்டும். அவள் அப்பாவின் தங்கையான அத்தையின் வீட்டில் தங்கினாள். அதைப் பற்றிச் சண்டை நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அம்மா ஒருமுறை, "எல்லாரும் ஒண்டாப் போவமே" என்று சொன்னார். அப்பா, "அஞ்சு மாதம்தானே" என்றார். அவ்வளவுதான்.

அப்பா மன்னாரில் தபால் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். இங்கே நகரத்தின் ஓரத்தில், மனுரேவாவில், ஒரு சேமிப்புக் கிடங்கில் பெட்டி அடுக்கினார். அம்மா பக்குரங்காவில் முதியவர்கள் தங்கும் இல்லம் ஒன்றின் சமையலறையில் பாத்திரம் கழுவினார். நாங்கள் இருந்தது மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு பலகை வீடு. இப்போது பெரிய கடைவளாகம் இருக்கிற பக்கத்தில் அப்போது பழைய கொட்டகைகள்தான். காலையில் எழும்பினால் ஜன்னல் கண்ணாடி உள்பக்கமாக நனைந்திருக்கும். பழைய துவாய் ஒன்றால் அதைத் துடைத்துப் பிழிவது என் வேலை. துவாயில் பூஞ்சண மணம் இருக்கும். என் சட்டையிலும் அந்த மணம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் அதை எனக்குச் சொல்லும் வரை எனக்கு அது தெரியாது.

எனக்குப் பதினொரு வயது. அக்காவுக்குப் பத்தொன்பது. அவள் சரித்திரம் படித்தாள். எனக்கு வாரம் ஒரு கடிதம் எழுதுவாள், ஆனால் அவை மாதத்துக்கு ஒருமுறை ஒன்றாகச் சேர்ந்து வரும். ஒவ்வொன்றும் "எடி குட்டி" என்று தொடங்கும். முழுக்க நக்கல். அத்தை குறட்டை விடுவதைப் படமாகக் கீறி அனுப்புவாள். "வெள்ளைக்காரப் பிள்ளையளோட சேர்ந்து நீயும் வெளுத்திட்டியோ" என்று கேட்பாள். ஊரில் மருந்து வருவதில்லை, பாதை பூட்டிக் கிடக்கிறது என்பதையெல்லாம் அவள் எழுதமாட்டாள். அத்தை அப்பாவுக்கு எழுதுகிற கடிதத்தில்தான் அது இருக்கும்.

ஜூன் மாதம், இந்தத் தென்கோடி நாட்டில் அதுதான் குளிர்காலம், எங்கள் வகுப்பு ரீச்சர் ஐஸ்கிறீம் டப்பா ஒன்றுக்குள் சுருட்டிய காகிதத் துண்டுகளைப் போட்டு ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னார். அதில் வருகிற விஷயத்தைப் பற்றி ஓகஸ்டில் பெற்றோருக்கு முன்னால் ஐந்து நிமிடம் பேச வேண்டும். என் துண்டை அவரே வாசித்தார். ஐரோப்பிய வல்லரசுகள் அமெரிக்கக் கண்டங்களில் ஏன் குடியேற்றங்களை அமைத்தன? வாசித்துவிட்டு என் குடும்பப் பெயரைப் பார்த்து, "நீங்கள் போர்த்துக்கேயரா?" என்று கேட்டார். எங்கள் குடும்பப் பெயர் போர்த்துக்கேயப் பெயர்தான். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அப்படி. எனக்கு அதை இங்கிலீசில் விளங்கப்படுத்தத் தெரியவில்லை. "யெஸ்" என்று சொல்லிவிட்டேன். அந்த வருடம் முழுக்க அந்த வகுப்பில் நான் போர்த்துக்கேயப் பிள்ளை.

நூல்நிலையப் புத்தகத்தில் படங்களை மட்டும் விளங்கிக்கொண்டேன். கப்பல், குதிரை, இரும்புத் தொப்பி. அப்பாவிடம் கேட்டேன். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவர், "அக்காவுக்கு எழுதிக் கேள். அவளுக்குத்தான் அதெல்லாம் விரல்நுனியில" என்றார். எழுதினேன். "அக்கா, வெள்ளைக்காரர் அமெரிக்காவில போய்க் குடியேறினவங்களாம். அவங்கள் ஏன் அங்க போனவங்கள்? கெதியாப் பதில் போடு. ஓகஸ்டில பேச வேணும்." அப்பா அதை அடுத்த நாளே தபாலில் சேர்த்தார். பதிலுக்காகக் காத்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முன்வாசல் தபால் பெட்டிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்ப்பேன். கடை விளம்பரக் காகிதங்களும் நத்தையும் இருக்கும்.

ஜூலை மாதத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அப்பா வீட்டில் இருந்தார். பட்டப்பகலில் அவர் வீட்டில் இருந்ததே இல்லை. கிடங்குச் சப்பாத்தோடேயே கம்பளத்தில் நின்றார். அம்மா அறைக்குள் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். எங்களுக்கு முன்பே இங்கே வந்துவிட்ட மாமா, அம்மாவின் தம்பி, தொலைபேசிக்குப் பக்கத்தில் முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இருந்தார்.

"அம்மாவுக்கு என்ன?" என்று கேட்டேன்.

மாமாதான் சொன்னார். "அம்மான்ர பெரியம்மா ஊரில மோசம் போயிட்டா. வயசு போன ஆள்தானே. நீ போய்ச் சாப்பிடு."

அந்தப் பெரியம்மாவை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். போய்ச் சாப்பிட்டேன்.

பிறகு ஆட்கள் வந்தார்கள். கதிரை போதாமல் தேவாலய மண்டபத்திலிருந்து மடக்குக் கதிரைகள் வந்தன. ஒவ்வொருவரும் ஒரு சட்டி சோறு. ஒரு மாமி என் தலையைத் தடவத் தொடங்கி நிறுத்தாமல் தடவிக்கொண்டே இருந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு கிழவிக்காக இவ்வளவு பேர் வருவார்களா என்று நான் யோசித்ததாகத்தான் இப்போது நினைக்கிறேன். அது உண்மையிலேயே அப்போது யோசித்ததா, பிறகு சேர்த்துக்கொண்டதா என்று தெரியவில்லை.

செத்தவருக்காகத் தேவாலயத்தில் பூசை வைத்த அன்று என்னைக் கூட்டிப்போகவில்லை. பக்கத்து வீட்டு சமோவா அன்ரியிடம் விட்டுப் போனார்கள். பெரிய உடம்பு, பூப்போட்ட நீளச் சட்டை. அவருக்கு எதையும் மறைக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லைப்போல. கதவைத் திறந்ததும் என்னை இறுக்கி அணைத்து, "சொரி அபவுட் யுவர் சிஸ்டர், டார்லிங்" என்றார். எனக்குத் தெரிந்த "சொரி" மன்னிப்புக் கேட்பது. இவர் என் அக்காவுக்கு என்ன பிழை செய்தார், அக்காவை இவர் கண்டதே இல்லையே என்று நினைத்தேன். "இற்ஸ் ஓகே" என்றேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. பிறகு வெண்ணெய் பூசிய பாண் தந்தார். தொலைக்காட்சி போட்டுவிட்டார். நானும் பார்த்தேன்.

அதற்குப் பிறகும் நான் தபால் பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அப்பாவிடம், "இன்னும் மூண்டு கிழமைதான் இருக்கு. அக்கா ஏன் எழுதேல்லை?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "வரும்" என்றார்.

நான்கைந்து நாள் கழித்து வேலையால் வந்து, காருக்குள் இருந்தபடியே ஜன்னலை இறக்கி ஒரு கடித உறையை நீட்டினார். முத்திரை இருந்த மூலை கத்தரித்திருந்தது. "கிடங்கில ஒருத்தர் முத்திரை சேர்க்கிறவர், குடுத்திட்டன்" என்றார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். நான் வாசலில் நின்றே வாசித்தேன். நான்கு பக்கம். அதன் பெரும்பகுதி எனக்கு மனப்பாடம்.

"எடி குட்டி, ஏன் போனார்கள் என்று கேட்டிருக்கிறாய். ஒரு காரணம் இல்லை. முதலில் அவர்கள் அமெரிக்காவுக்கென்று போகவில்லை. எங்கள் பக்கத்து மிளகுக்கும் கறுவாவுக்கும் கடல்வழி தேடி மேற்கே போனார்கள். குறுக்கே ஒரு பெரிய நிலம் நின்றது. அங்கே பொன்னும் வெள்ளியும் கண்டார்கள். எங்கள் மன்னாருக்கு முத்துக்காக வந்த மாதிரி அங்கேயும் ஒரு கடற்கரையில் முத்துக் குளிக்க வைத்தார்கள். வெள்ளி இல்லாத இடத்தில் கரும்பு, புகையிலை, மீன், மிருகத் தோல். ஸ்பெயின்காரர் பணக்காரர் ஆனதைப் பார்த்து ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒல்லாந்தரும் போனார்கள். தான் எடுக்காவிட்டால் மற்றவன் எடுத்துவிடுவான் என்ற பயம் ராசாக்களுக்கு. சிலர் வேதம் பரப்பப் போனார்கள். சிலர் தங்கள் வேதத்தைத் தங்கள் பாட்டில் கும்பிட இடம் தேடிப் போனார்கள். ஊரில் காணி இல்லாதவர்கள், எல்லாம் மூத்தவனுக்கே போகிற வீடுகளின் இளையவர்கள், அங்கே போனால் ஒரு துண்டு நிலமாவது கிடைக்கும் என்று போனார்கள். அந்த நிலத்தில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள் என்பது போனவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் போனார்கள்."

இவ்வளவும் இரண்டரைப் பக்கம். மிச்சம் முழுவதும் இதுதான்:

"போனவர்கள் காய்ச்சலையும் கூடக் கொண்டுபோனார்கள். வாளால் செத்தவர்களைவிட வருத்தத்தால் செத்தவர்கள்தான் அதிகம். அந்தச் சனத்துக்கு அந்த வருத்தம் முன்பு தெரியாது. மருந்து இல்லை. காய்ச்சல்காரர் தண்ணீர் கேட்பார்கள். நெற்றியில் ஈரத்துணி போட ஒரு ஆளாவது பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். இருந்திருப்பார்கள் என்றுதான் நினைக்க வேண்டும். தூரதேசத்தில் இருந்து முடிவெடுத்தவர்களுக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் செய்தி போனது. இப்படி வரும் என்று அவர்கள் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும். மகள், நீ படித்துப் பெரிய ஆளாக வர வேண்டும்."

"மகள்" என்ற சொல்லை ஒரு கோட்டால் வெட்டி மேலே சின்னதாகக் "குட்டி" என்று எழுதியிருந்தது.

எழுத்து அக்காவின் எழுத்து மாதிரியே இருந்தது. அப்பா இருபது வருடம் தபால் கந்தோரில் ஊரின் கையெழுத்தையெல்லாம் பார்த்த மனிசன். ஆனால் அதில் நக்கல் இல்லை. படம் இல்லை. அத்தை இல்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். அப்பா காரை விட்டு இறங்காமல் இரண்டு கையையும் ஸ்ரியறிங்கில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"விளங்குதோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

எனக்கு அப்போதே தெரியும் என்று சொன்னால் அது பொய். தெரியாது என்று சொன்னாலும் பொய். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். அன்று மிஞ்சின சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டோம்.

ரீச்சர் மத்தியானங்களில் என்னோடு இருந்து, நான் சொல்லச் சொல்ல இங்கிலீசில் எழுதித் தந்தார். பொறுமையான மனிசி. காய்ச்சல் பகுதி வந்ததும் பேனையை வைத்துவிட்டார். "இது பிறகு நடந்தது. ஏன் போனார்கள் என்ற கேள்விக்கு இது பதில் இல்லை" என்றார். அது சரிதான். வெட்டிவிட்டோம். ஆனால் அந்தப் பகுதியையும் சொற்களைத் தேடித் தேடி நானே இங்கிலீசாக்கி வைத்திருந்தேன், அது வாயில் நின்றுவிட்டது. தமிழ்க் கடிதத்தை ரீச்சர் ஆசையாக வாங்கி, "என் அக்கா எழுதியது" என்று கீழே ஒரு அட்டை வைத்து வகுப்புச் சுவரில் குத்தினார். தவணை முடிவில் சுவரைத் துப்புரவாக்கியபோது அது எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

பேச்சு நாளில் அப்பா வந்தார். கிடங்கில் போடுகிற செம்மஞ்சள் மேற்சட்டையோடு, பின்சுவரில் பிள்ளைகளின் குளிர்ச்சட்டைகள் தொங்குகிற கொளுக்கிகளுக்குப் பக்கத்தில் நின்றார். கதிரை இருந்தும் இருக்கவில்லை. அம்மா வரவில்லை. நான் மிளகில் தொடங்கிக் காணியில் முடித்தேன். கை தட்டினார்கள்.

கேள்வி கேட்கலாம் என்றார் ரீச்சர். எங்கள் வகுப்பில் ஒரு மாவோரிப் பெண் இருந்தாள், வெள்ளைக்காரருக்கு முன்பே இந்த நாட்டில் இருந்த சனம். என் சட்டை மணக்கிறது என்று சொன்ன அதே பெண். அவள் கையை உயர்த்தி, "அங்கே முதலே இருந்த ஆட்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டாள்.

என்னிடம் அதற்குப் பதில் இருந்தது. சொல்லத் தொடங்கினேன். காய்ச்சலில் செத்தார்கள். மருந்து இல்லை. தண்ணீர் கேட்டார்கள். நெற்றியில் ஈரத்துணி போட ஒரு ஆளாவது பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். தூரத்தில் இருந்து முடிவெடுத்தவர்களுக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் செய்தி போனது. யோசித்திருக்க வேண்டும். பஸ் நேரசூசியை வாசிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னேன். என் இங்கிலீஸ் அப்போது அப்படித்தான்.

பின்னால் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். தொங்கிய சட்டைகளுக்குள் முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றார். தோள் மட்டும் தெரிந்தது. முன்னால் இருந்த பெற்றோர் யாரும் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே கடைசி வசனம் வரை சொல்லி முடித்தேன். இடையில் நிறுத்தலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

வீடு திரும்பும்போது பன்மூர் சுற்றுவட்டத்தைத் தாண்டினோம். பிறகு, "நல்லாச் சொன்னாய்" என்றார்.

"ரீச்சர் வெட்டச் சொன்னவ. அந்தப் பிள்ளை கேட்டபடியாத்தான் சொன்னனான்."

"ஓம். கேட்டால் சொல்லத்தானே வேணும்."

சொல்வதற்கு அது அவருக்குக் கிடைத்த இடம். அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

செப்டெம்பரில் அம்மா சொன்னார். நான் சமையலறை மேசையில் அக்காவுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். "பேச்சில எனக்கு இரண்டாம் பரிசு, உன்ர சோதனை எப்படி?" அம்மா வேலைக்குப் போகச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தவர் அதைப் பார்த்தார். பேனையை என் கையிலிருந்து எடுத்தார்.

"இனி எழுதாத, அம்மா" என்றார். "அக்கா இல்லை. மலேரியாக் காய்ச்சல். மூளைக்கு ஏறிட்டுதாம். மூண்டு நாள்தான்."

"எப்ப?"

"ஜூலையில. உன்ர பேச்சு முடியட்டும் எண்டு இருந்தம். மாமாதான் சொன்னவர், பிள்ளை குழம்பிப் போகும் எண்டு. பிறகு எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்லை."

அக்காவுக்குச் சோதனை முடியட்டும். எனக்குப் பேச்சு முடியட்டும். எங்கள் பெரியவர்கள் எங்களை நேசித்த விதம் அது. அன்று எனக்கு இது எதுவும் தோன்றவில்லை. ஜூலை என்றால் கடிதத்துக்கு முதல் என்று மட்டும் தோன்றியது.

"அப்ப அந்தக் கடிதம்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"எந்தக் கடிதம்?"

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே அவருக்குத் தெரியாது. அப்பா தானாகவே, மனுரேவாவில் மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் பெட்டிகளுக்கு இடையே இருந்து எழுதியிருக்க வேண்டும். செத்த பிள்ளையின் எழுத்தை நான்கு பக்கத்துக்குப் பழகி எழுதியிருக்கிறார் என்று அம்மாவுக்குத் தெரிந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பதினொரு வயது.

"பழைய கடிதம்" என்றேன். "ஒண்டும் இல்லை."

அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அவரின் சட்டையில் பாத்திரம் கழுவும் தூளின் மணம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் ஞாபகப்படுத்தினேன். அவர் போன பிறகு ஜன்னல்களைத் துடைத்தேன். அழவில்லை. அடுத்த நாளும் இல்லை. பிறகு அழுவதற்கு ஒரு நாள் வரும் என்று நினைத்தேன், பல்கலைக்கழகமும் கலியாணமும் வந்தன, அந்த நாள் வரவில்லை. அக்காவைப் பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை. அம்மாவின் அறையில் ஒரு படம் இருந்தது, அவ்வளவுதான். அம்மா இறந்த பிறகு அதை அப்பா தன் அறைக்கு எடுத்துக்கொண்டார்.

அப்பா இப்போது பக்குரங்காவில் எங்களோடு இருக்கிறார். எழுபத்தொன்பது வயது. காது கொஞ்சம் மந்தம். என் மகள் இங்கே பிறந்தவள், பன்னிரண்டு வயது, தமிழில் கேட்டால் இங்கிலீசில் பதில் சொல்வாள். போன மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்தில் குடும்பங்கள் ஏன் இடம்பெயர்ந்தன என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவள் கைபேசியைப் பதிவுக்குப் போட்டுச் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "தாத்தா, நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள்?" என்று இங்கிலீசில் உரத்துக் கேட்டாள்.

யுத்தம் என்பார் என்று நினைத்தேன். எல்லாரிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

"பிள்ளையளுக்காக" என்றார் அப்பா.

மகளுக்கு அவ்வளவு தமிழ் விளங்கும். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "ஆனால் அம்மா மட்டும்தானே இருக்கிறா?" என்றாள்.

அவளுக்கு ஒரு பெரியம்மா இருந்தாள் என்று நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. பன்னிரண்டு வருடம். தாத்தாவின் அறையில் இருக்கிற படம் அம்மம்மாவின் இளவயதுப் படம் என்று அவள் நினைத்திருந்தாள். நான் திருத்தவில்லை. சின்னப் பிள்ளை, பிறகு சொல்லலாம் என்று நானும் விட்டிருந்தேன்.

அப்பா கையைக் கழுவாமல் எழும்பி, மேசையைப் பிடித்துப் பிடித்துத் தன் அறைக்குப் போனார். போய்ப் படுத்துவிட்டார் என்று நினைத்தேன். படத்தைக் கொண்டு வந்து மகளுக்கு முன்னால் வைத்தார். எச்சில் கையை மேற்சட்டையில் துடைத்துவிட்டு, அக்காவின் பெயரைச் சொன்னார். முழுப் பெயரையும், ஞானஸ்நானப் பெயரோடு சேர்த்து. முப்பத்தேழு வருடத்தில் அவர் வாயால் அதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மகள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிழையாக வந்தது.

"இல்லை" என்றார் அப்பா. "திரும்பச் சொல்லு."

அவள் திரும்பச் சொன்னாள்.